பல மொழிப் பாவனையாளருக்கான மென்பொருளைச் சோதிக்க ஒரு குழுவைப் பழக்குவது எப்படி?

கிளிநொச்சியில் ஒரு விவசாயி நெல் கொள்வனவுக்குப் பதிவு செய்யும் செயலியைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய கைபேசி தமிழில் இருக்கிறது. அதே பதிவைக் கொழும்பில் பார்க்கும் அலுவலரின் திரை சிங்களத்தில் இருக்கிறது. தகப்பனுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் மகள் பிரான்சின் பரிஸ் நகரில் இருக்கிறாள். அவளுடைய கைபேசி பிரெஞ்சில். மூன்று பேரும் தொடுவது ஒரே தரவைத்தான். அது மூன்று இடத்திலும் சிதையாமல் போய்வருகிறதா என்று பார்ப்பதே பன்மொழிச் சோதனை.

வன்னியில் இந்த வேலையைப் பழகக்கூடிய இளையோர் நிறையப் பேர் இருக்கிறார்கள். அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. 2021 இல் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமானது. தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் படிவம் நிரப்பி வளர்ந்தவர்களுக்கு இந்தத் துறையின் பாதி விசயம் ஏற்கெனவே கைவசம் உண்டு. மீதிப் பாதியை எப்படிப் பழக்குவது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். புதிதாக வருபவர்கள் இதை மொழிபெயர்ப்புத் திருத்தும் வேலை என்று எண்ணி, எழுத்துப்பிழை பிடிப்பதிலேயே நாளைக் கழிப்பார்கள். உண்மையில் இங்கே இரண்டு வேலைகள் இருக்கின்றன. மென்பொருளின் உள்ளமைப்பு எந்த மொழியையும் தாங்குமா என்று பார்ப்பது ஒன்று. அதைப் பன்னாட்டுமயமாக்கல் சோதனை என்பார்கள். குறிப்பிட்ட ஒரு மொழியில், ஒரு நாட்டில், திரை சரியாகவும் இயல்பாகவும் இருக்கிறதா என்று பார்ப்பது மற்றது. அது உள்ளூர்மயமாக்கல் சோதனை. முதலாவதைச் செய்ய அந்த மொழி வாசிக்கத் தெரியவேண்டியதில்லை. எழுத்து எப்படிச் சேமிக்கப்படுகிறது, எங்கே வெட்டப்படுகிறது, எப்படி வரிசைப்படுத்தப்படுகிறது என்று தெரிந்தால் போதும். பெரிய வழுக்களில், அதாவது மென்பொருள் பிழைகளில், பெரும்பாலானவை இங்கேதான் கிடைக்கும். ஆகவே பயிற்சியையும் இங்கிருந்தே தொடங்குங்கள்.

எழுத்தை எண்ணப் பழகுதல்

முதல் நாள் கணினியே வேண்டாம், தாளும் பேனாவும் போதும். எல்லோரும் முல்லைத்தீவு என்று எழுதி, எத்தனை எழுத்து என்று எண்ணட்டும். மு, ல், லை, த், தீ, வு: ஆறு. எல்லா மொழி எழுத்துக்கும் குறியீட்டு எண் கொடுக்கும் யுனிகோட் முறையில் கணினி எண்ணுவதோ பன்னிரண்டு. ம, ல போன்ற அடி எழுத்து ஒரு குறியீடு, அதனோடு சேரும் உகரக் குறி, குற்று (மெய்யின் மேற்புள்ளி), ஐகாரக் குறி எல்லாம் தனித்தனிக் குறியீடு. அவற்றைக் கோப்பில் சேமிக்கும் யூரிஎவ்-8 (UTF-8) முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைற்று (கணினி நினைவக அலகு) பிடிக்கும். ஆக அதே சொல் 36 பைற்று. ஒரே ஊர்ப்பெயருக்கு 6, 12, 36 என்று மூன்று நீளங்கள். மென்பொருளின் ஒவ்வொரு பகுதியும் இந்த மூன்றில் எதையாவது ஒன்றை ‘நீளம்’ என்று எடுத்துக்கொள்ளும். எது எங்கே எடுக்கப்படுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் சோதிப்பவரின் வேலை.

இதனால் என்ன கெடும்? சில தரவுத்தளங்களில் 50 என்று எல்லை போட்டால் அது 50 பைற்று என்றே பொருள்படும். ஒரக்கிள் (Oracle) என்ற தரவுத்தளத்தின் இயல்பு நிலை அப்படித்தான். புதுக்குடியிருப்பு ஒன்பதே எழுத்து, ஆனால் 54 பைற்று. அந்தப் பெட்டிக்குள் அது அடங்காது. ஆங்கிலத்தில் ஊர்ப்பெயரைத் தட்டிச் சோதித்தவருக்கு இந்த வழு ஒருநாளும் தெரியவராது.

வெட்டும் இடமும் முக்கியம். நீளமான பெயரைச் சுருக்கி மூன்று புள்ளி போடும் திரையில், ஏழாவது குறியீட்டோடு வெட்டினால் ‘முல்லைத…’ என்று நிற்கும். குற்று காணாமல் போய்விடும். இரண்டு துண்டாகப் பிரித்து அடுத்த வரியில் ஒட்டினால், தனித்து விழுந்த குறி ஒரு புள்ளி வட்டத்தோடு தெரியும். திரையில் புள்ளி வட்டம் கண்டால், யாரோ எழுத்தின் நடுவில் வெட்டியிருக்கிறார்கள் என்று அறிந்துகொள்ளலாம்.

அடுத்தது கிளிநொச்சி. ‘நொ’ என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ந-வுடன் ஒகரக் குறி ஒன்றாக, அல்லது ந-வுடன் கொம்பும் அரவும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் ஒன்று 10 குறியீடு, மற்றது 11. ஒரு விதமாகப் பதிந்ததை மறு விதமாகத் தேடினால் ‘தரவு இல்லை’ என்று வரும். இதற்குத் தீர்வு உண்டு: ஒரே எழுத்தின் இரு விதங்களையும் ஒன்றாக்கும் யுனிகோட் இயல்பாக்கல் என்ற ஒரு படியை, சேமிக்கும்போதும் தேடும்போதும் நிரலாளர் சேர்க்க வேண்டும். ஆனால் ஸ்ரீ என்ற எழுத்தை அந்தப் படியும் காப்பாற்றாது. அது ஸ-வில் தொடங்கியும் எழுதப்படுகிறது, 2005 இல் யுனிகோடில் சேர்ந்த ஶ-வில் தொடங்கியும் எழுதப்படுகிறது. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம். இயல்பாக்கலுக்கோ இரண்டும் வெவ்வேறு. ஸ்ரீதரன், ஸ்ரீஸ்கந்தராசா என்ற பெயர்கள் ஊருக்கு ஊர் இருக்கும் இடத்தில், இரண்டு விதத்திலும் பதிந்து இரண்டு விதத்திலும் தேடிப் பார்க்காமல் தேடல் வேலை செய்கிறது என்று கையெழுத்து வைக்காதீர்கள்.

சிங்களத்திலும் இதுபோல் ஒன்று உண்டு. ஸ்ரீ லங்கா என்று சிங்களத்தில் எழுதும்போது முதல் எழுத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி ஒன்று இருக்கும். ‘தேவையற்ற வெற்றுக் குறிகளை நீக்கு’ என்று நிரல் எழுதியவர் அதையும் நீக்கிவிட்டால், நாட்டின் பெயரே உடைந்து தெரியும்.

பெயர்ப் பெட்டி

நிரலாளர் ‘எழுத்துகள் மட்டும்’ என்று கட்டுப்பாடு போடுவார். ஆங்கில எழுத்துகள் மட்டும் என்றால் தமிழ்ப் பெயர் உடனே தடுக்கப்படும். அது எளிதில் பிடிபடும். யுனிகோடில் ‘எழுத்து’ வகை எதுவும் சரி என்று அவர் திருத்திய பிறகு வருவதுதான் பொல்லாத வழு. உயிர்க்குறிகளும் குற்றும் யுனிகோடில் ‘எழுத்து’ வகையில் இல்லை. அவை ‘குறி’ வகை. ஆகவே ‘கமல’ ஏற்றுக்கொள்ளப்படும், ‘கமலா’ தடுக்கப்படும், ‘குமார்’ தடுக்கப்படும். சோதனைப் பெயர்களில் குறியே இல்லாத சொல் ஒன்று, குறியுள்ளது ஒன்று, குற்றில் முடிவது ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

எங்கள் பெயர்முறை இன்னொரு சிக்கல். தகப்பன் பெயர் முன்னெழுத்தாக வரும். குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. ‘குடும்பப் பெயர்’ கட்டாயம், குறைந்தது மூன்று எழுத்து, புள்ளி வரக்கூடாது என்ற மூன்று விதிகள் சேர்ந்தால் வன்னியில் பெரும்பாலானோர் உண்மைப் பெயரால் பதிய முடியாது. அடையாள அட்டை இலக்கமும் அப்படியே: பழைய அட்டையில் 9 இலக்கமும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும், 2016 முதல் வந்த அட்டையில் 12 இலக்கம். இரண்டையும் ஏற்கிறதா? தமிழ் விசைப்பலகை திறந்திருக்கும்போது அந்தக் கடைசி எழுத்தைத் தட்ட வழியிருக்கிறதா? பார்க்க வேண்டும்.

வரிசை

நான்கு ஊர்கள் போதும்: வவுனியா, வற்றாப்பளை, வள்ளிபுனம், வலைஞர்மடம். தமிழ் அகரவரிசை ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று போவதால், சரியான வரிசை வலைஞர்மடம், வவுனியா, வள்ளிபுனம், வற்றாப்பளை. யுனிகோட் குறியீட்டு எண் வரிசையோ ர, ற, ல, ள, ழ, வ. செயலி வெறும் எண்ணை வைத்து வரிசைப்படுத்தினால் வற்றாப்பளை முதலிலும் வவுனியா கடைசியிலும் வரும். பட்டியலின் அடியில் வவுனியா நின்றால், மொழிக்குரிய வரிசை விதியைப் பயன்படுத்தாமல் விட்டிருக்கிறார்கள் என்று உறுதியாகச் சொல்லலாம்.

திகதியும் நேரமும்

இந்தப் பகுதியில் வன்னிக்கென்றே ஒரு சிக்கல் இருப்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

1996 இல் மின்சாரத் தட்டுப்பாட்டால் இலங்கை அரசு கடிகாரத்தை முன்னே நகர்த்தியது. அந்த ஆண்டு ஒக்டோபரிலிருந்து நாட்டின் நேரம் உலகப் பொது நேரத்தைவிட 6 மணி முன்னே இருந்தது. 2006 ஏப்ரல் 15 இல் மீண்டும் 5 மணி 30 நிமிடத்துக்கு வந்தது. பெரும்பாலான கணினிகள் பாவிக்கும் நேர வலயத் தரவுத்தளத்தில், கொழும்பு என்ற வலயத்தின் கீழ் இந்த மாற்றங்கள் பதிவாகியுள்ளன.

இப்போது 2001 ஜூன் 12 இல் பிறந்த ஒருவரின் பிறந்த திகதியைச் செயலி ‘அன்று நள்ளிரவு’ என்ற நேரமாகச் சேமிக்கிறது என்று கொள்வோம். கொழும்பு வலயப்படி 6 மணி கழித்தால், பொது நேரத்தில் அது ஜூன் 11 மாலை 6 மணி. திரையில் காட்டும் பகுதியை எழுதியவர் ‘இலங்கை என்றால் ஐந்தரை’ என்று நேரடியாக 5:30 கூட்டியிருக்கிறார். கிடைப்பது ஜூன் 11 இரவு 11:30. திரையில் பிறந்த திகதி 2001-06-11. ஒரு நாள் குறைந்துவிட்டது. அடையாள அட்டையோடு பொருந்தாமல் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். 1996 ஒக்டோபர் கடைசியிலிருந்து 2006 ஏப்ரல் நடுப்பகுதிவரை பிறந்த எல்லோருக்கும் இது நடக்கும். 1990 இல் பிறந்தவரை வைத்துச் சோதித்தால் எல்லாம் சரியாகவே தெரியும். ஆகவே சோதனைத் திகதிகளில் 1990, 2001, 2010 என்று மூன்று காலத்திலிருந்தும் ஒவ்வொன்று வேண்டும். திருத்தம் எளிது: பிறந்த திகதியை நேரம் சேராத வெறும் திகதியாகச் சேமிக்க வேண்டும்.

விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் அந்த நேர மாற்றத்தை ஏற்கவில்லை; கடிகாரம் பழையபடி ஐந்தரையிலேயே ஓடியது. தரவுத்தளத்தில் அதற்குத் தனி வலயம் இல்லை. அங்கே பழைய நேரப்படி குறித்த ஒரு பிறந்த நேரத்தைச் சாதகம் கணிக்கும் செயலியில் இட்டால், அது 6 மணி என்று எடுத்துக் கணக்கில் அரை மணி நேரம் பிசகும். லக்கினம் மாறும் எல்லையில் பிறந்தவருக்கு அந்த அரை மணி பெரிய விசயம். இதற்குத் தானியங்கித் தீர்வு கிடையாது. நேர வேறுபாட்டைப் பாவனையாளரே தெரிவுசெய்ய ஒரு வழி வைக்கச் சொல்லி எழுதுவதே முறை.

மற்றது எல்லோருக்கும் தெரிந்த சிக்கல்: 03/04/2025 என்பது எங்களுக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. 12-க்கு மேற்பட்ட நாளைக் கொண்டு சோதித்தால் தவறு தானாக வெளிப்படும்.

எண்களும் வாக்கியங்களும்

பரிஸ் நகரில் இருக்கும் மகள் இரண்டரை ஏக்கரை ‘2,5’ என்றுதான் தட்டுவாள். அவளுடைய விசைப்பலகையில் தசமக் குறி காற்புள்ளி. காற்புள்ளியோடு நின்றுவிடும் நிரல் அதை 2 என்று எடுக்கும். காற்புள்ளியை ஆயிரக் குறி என்று நீக்கும் நிரல் 25 என்று எடுக்கும். இரண்டிலும் பிழைச் செய்தி வராது. தவறான காணி அளவு சத்தமில்லாமல் பதிவாகும். சத்தமில்லாத வழுவை எப்போதும் மேலே வைத்து அறிக்கை செய்யுங்கள்.

பணத்தொகையில், மொழி ‘தமிழ்’ என்று மட்டும் கொடுத்தால் நிரல் நூலகங்கள் (நிரலாளர் எடுத்துப் பாவிக்கும் ஆயத்த நிரல்கள்) இந்திய முறைப்படி 12,50,000 என்று காட்டும். இங்கே வங்கிச் சீட்டில் நாம் பார்ப்பது 1,250,000. மாதப் பெயரும் பிப்ரவரி, அக்டோபர் என்று வரும்; நாங்கள் எழுதுவது பெப்ரவரி, ஒக்டோபர்.

பல வழுக்கள் வாக்கியத்தை ஒட்டுவதால் வருகின்றன. ஊர்ப்பெயரோடு ‘இல்’ சேர்க்கும்படி நிரல் இருந்தால் மாங்குளம்இல் என்று வரும். கிளிநொச்சியில், முல்லைத்தீவில், மாங்குளத்தில் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் புணர்வதை நிரலால் எளிதில் செய்ய முடியாது. ‘இடம்: மாங்குளம்’ என்று வாக்கியத்தையே மாற்றக் கேளுங்கள். பன்மையும் அப்படித்தான். தமிழுக்கு ஒருமை, பன்மை என்று இரண்டே வடிவம். அரபிக்கு ஆறு, ஜப்பானியத்துக்கு ஒன்று. சிங்களத்தில் 0 ஒருமையோடு சேரும், தமிழில் பன்மையோடு சேரும். 0, 1, 2, 3, 5, 11, 21, 100 என்ற எட்டு எண்களைப் போட்டுப் பார்த்தால் பெரும்பாலான மொழிகளின் பன்மை விதிகள் சோதிக்கப்பட்டுவிடும்.

குறுஞ்செய்தியை மறக்க வேண்டாம். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழ் எழுத்து ஒன்று வந்தாலும் எல்லை 70 ஆகிவிடும், அதைத் தாண்டினால் துண்டுக்கு 67. ‘உங்கள் கோரிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது.’ என்ற மூன்று சொல் மட்டும் 37 பிடிக்கும். அதோடு பெயரும் தொடர்பிலக்கமும் சேர்ந்து 70-ஐத் தாண்டினால் இரண்டு துண்டு, இரண்டு கட்டணம். அனுப்பும் நிறுவனம் இதைச் சோதனைக் கட்டத்திலேயே அறிய வேண்டும்.

குழுவைப் பழக்கும் முறை

ஆறு பேர் கொண்ட குழு வசதியானது. கையில் ஒரு பழைய அன்ட்ரொயிட், ஒரு புதிய அன்ட்ரொயிட், ஒரு ஐபோன், ஒரு விண்டோஸ் மடிகணினி இருக்க வேண்டும். பழைய கைபேசியைக் கட்டாயம் வைத்திருங்கள். எழுத்துருக் கோளாறு அதில்தான் முதலில் தெரியும்.

முதல் வாரம் எழுத்தெண்ணும் பயிற்சியோடு, குழுவே தன் சோதனைத் தரவுத்தாளைத் தயாரிக்கட்டும். நாற்பது வரி போதும்: மேலே சொன்ன ஊர்கள், முன்னெழுத்துப் பெயர்கள், இரண்டு விதமாக எழுதிய ஸ்ரீ, மூன்று காலத் திகதிகள், 2,5 போன்ற எண்கள், ஒரு இமோஜி, ஒரு சிங்களப் பெயர், ஓர் அரபுப் பெயர். இமோஜி ஏன் என்றால், மைஎஸ்கியூஎல் (MySQL) என்ற தரவுத்தளத்தின் பழைய எழுத்து முறை ஒரு குறியீட்டுக்கு 3 பைற்று வரைதான் தாங்கும். தமிழ் தப்பிவிடும், 4 பைற்று இமோஜி உடையும். யுனிகோட் முறையில் அமையாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய ஒரு வரியும் சேருங்கள். பழைய அலுவலகக் கோப்பிலிருந்து வெட்டி ஒட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அது திரையில் ஆங்கில எழுத்துக் குவியலாக விழும்.

இரண்டாம் வாரம் வழுக்களை வேண்டுமென்றே வைத்த ஒரு பயிற்சிச் செயலி. பயிற்றுநர் பன்னிரண்டு வழுக்கள் வைக்கட்டும், அவற்றில் ஒன்பது மொழி தெரியாமலே பிடிக்கக்கூடியதாக இருக்கட்டும். எத்தனை வைத்திருக்கிறது என்று சொல்லலாம். எங்கே என்று சொல்லக்கூடாது. ஏற்றுமதிக் கோப்பு இரண்டை மறக்காமல் உள்ளே வையுங்கள். ஒன்று, எக்ஸலில் திறக்கும்போது தமிழ் சிதறும் கோப்பு. கோப்பின் தொடக்கத்தில் யூரிஎவ்-8 அடையாளக் குறி இல்லாததே காரணம். மற்றது, ‘கெ’ என்பதில் கொம்பு க-வுக்குப் பின்னால் விழும் பிடிஎவ். எழுத்தைக் கோக்கும் பகுதி, பிடிஎவ்வை உருவாக்கும் நிரல் நூலகத்தில் இல்லாததே காரணம்.

மூன்றாம் வாரம் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாத மொழி. அன்ட்ரொயிட்டில் இதற்கென்றே போலி மொழிகள் இரண்டு உண்டு. நிரலாளர் கட்டமைப்பில் அவற்றை இயக்கித் தரவேண்டும். ஒன்று ஆங்கிலச் சொற்களை நீட்டி, எழுத்துகளுக்கு மேல் குறிகள் போட்டு, அடைப்புக்குள் காட்டும். குறி ஏறாமல் சாதாரணமாக நிற்கும் சொல், நிரலுக்குள் நேரடியாக எழுதப்பட்டது, மொழிபெயர்ப்புக்கே போகாதது. மூடும் அடைப்பு தெரியாவிட்டால் இடம் போதவில்லை என்று அர்த்தம். மற்றப் போலி மொழி திரையை வலமிருந்து இடமாகத் திருப்பும். ‘பின்செல்’ அம்புக்குறி திரும்பியதா, தொலைபேசி இலக்கம் திரும்பாமல் நின்றதா என்று பாருங்கள். கைபேசியை அரபுக்கு மாற்ற முன்னர், மொழி மாற்றும் வழியை ஒவ்வொரு படியாகத் திரையைப் படம் எடுத்து வேறொரு கைபேசியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அரைநாள் கைபேசியை மீட்பதிலேயே போகும்.

இந்த மூன்று வாரத்துக்குப் பிறகுதான் மொழிபெயர்ப்பைப் பார்க்கும் வேலை. வாசிக்கத் தெரிந்த ஒருவரையும் தெரியாத ஒருவரையும் சோடியாக இருத்துங்கள். வாசிக்கத் தெரிந்தவர் பொருளைப் பார்ப்பார். தெரியாதவரின் கண்ணுக்குத்தான் வெட்டுப்பட்ட ஊகாரக் குறி, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய வரி, உடைந்த பொத்தான் நன்றாகப் படும். ஆங்கிலத்தில் பத்து எழுத்துக்குட்பட்ட சொல் வேறு மொழிக்குப் போனால் இரண்டு மூன்று மடங்காவது வழமை. ஆகவே பொத்தான்களையும் பட்டியல் தலைப்புகளையும் முதலில் பாருங்கள்.

அறிக்கை

வழுவைத் திருத்தப்போகும் நிரலாளருக்குத் தமிழ் தெரியாது என்றே கொள்ளுங்கள். திரையின் படத்தை மட்டும் அனுப்பினால் அவருக்கு எது பிழை என்றே விளங்காது. நல்ல அறிக்கை இப்படி இருக்கும்:

‘இடம் என்ற பெட்டியில் முல்லைத்தீவு என்று தட்டிச் சேமித்தால், பட்டியல் திரையில் கடைசி ஐந்து குறியீடுகள் இல்லை. தட்டியது 12 குறியீடு, 36 பைற்று. தெரிவது 7 குறியீடு. வெட்டு மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையில் அல்ல, நான்காவது எழுத்தின் நடுவில் விழுகிறது. கைபேசி மொழி தமிழ், நாடு இலங்கை, நேர வலயம் கொழும்பு. கைபேசி மொழியை ஆங்கிலமாக்கினாலும் இதே நிலை. தட்டிய சொல் கீழே எழுத்தாகவே ஒட்டப்பட்டுள்ளது. சரியான படமும் தவறான படமும் இணைக்கப்பட்டுள்ளன. பிழையான எழுத்து சிவப்பு வட்டத்துக்குள்.’

இதில் இரண்டு விசயங்கள் பெறுமதியானவை. சொல்லைப் படமாக மட்டுமன்றி எழுத்தாகவும் ஒட்டியது ஒன்று. படத்திலிருந்து குறியீட்டை எடுக்க முடியாது, நொ எந்த விதமாகச் சேமிக்கப்பட்டது என்பது எழுத்தில்தான் இருக்கும். கைபேசி மொழியை மாற்றியும் பார்த்தது மற்றது. கோளாறு மொழிபெயர்ப்பிலா தரவிலா என்பதை அந்த ஒரு வரி தீர்த்துவிடும், எந்த நிரலாளரிடம் போகவேண்டும் என்பதும் அதிலேயே தெரியும். அறிக்கையைக் குழுவில் தமிழ் வாசிக்காத ஒருவரிடம் முதலில் கொடுத்து, அவரால் அதே வழுவைத் திரும்ப வரவைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அனுப்ப முன்னர் திருத்தி எழுதுங்கள்.